ரத்தம் பார்த்தால் மயக்கமா? படிப்பை நிறுத்த வேண்டாம்

நர்சிங், டி.எம்.எல்.டி. முதலாண்டில் சிலரைப் பார்க்கலாம். தியரியில் முதல் வரிசை. வார்டு போஸ்டிங் என்றால் லீவு. ரத்தம் எடுக்கும் முறை வந்துவிட்டால், "நீ எடு, நான் லேபிள் எழுதறேன்" என்று பக்கத்தில் நிற்பவர் தலையில் கட்டிவிடுவார்கள். அப்போதைக்கு நிம்மதிதான். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறதே!

அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடுவது அநேகமாக இதுதான்: "மயங்கி விழுந்துடுவேன், எல்லாரும் சிரிப்பாங்க, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை." ஒரே மூச்சில் வருவதால் எல்லாமே உண்மைபோலத் தோன்றுகிறது. பிரித்துப் பாருங்கள்.

மயக்கம் உண்மையாகவே வரலாம். பாம்பு, உயரம் போன்ற பயங்களில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ஆள் விழுவது அபூர்வம். ரத்தப் பயத்தில் பலருக்கு அவை முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இது இருப்பது சகஜம். ஆக, இது கோழைத்தனம் இல்லை. "உடம்பைத் தளர்த்திக்கோ" என்று சொல்வது இங்கே எதிர்வேலை செய்யக்கூடும்.

தளர்த்துவதற்குப் பதில் தசைகளை இறுக்க வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர்கள் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், உல்ஃப் ஸ்டெர்னர் 1987-இல் வெளியிட்ட முறை இது. கை, மார்பு, கால் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் சூடு ஏறும். பிறகு இயல்புக்கு விடுங்கள், 20 முதல் 30 விநாடி. இப்படி ஐந்து முறை. வீட்டில் தினமும் பழகிவிட்டுப் போஸ்டிங்குக்குப் போங்கள். ஊசி பிடித்திருக்கும்போது கை தளர்வாக இருக்கட்டும். தொடையையும் வயிற்றையும் இறுக்கினால் போதும், யாருக்கும் தெரியாது. கர்ப்பிணிகளும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யவும்.

கண்ணுக்கும் ஒரு வேலை கொடுங்கள். டூர்னிகே கட்டி, முழங்கை மடிப்பில் ரத்தநாளத்தைத் தடவிப் பார்த்து ஊசி ஏற்றியதும், ஊதா மூடி டியூபில் ரத்தம் ஏறும் சில விநாடிகள்தான் பலருக்குக் கண்டம். "ஐயோ, எவ்வளவு ரத்தம்!" என்று மனசு கூவும். டியூபில் இருப்பது இரண்டு மூன்று மில்லி. பெரியவர் உடம்பில் ஓடுவது சுமார் ஐந்து லிட்டர். டியூபின் அளவுக்கோட்டைப் பாருங்கள்.

சிரிப்பார்கள் என்பது வெறும் ஊகம். "சிஸ்டர், எனக்குத் தலை சுத்தினாலும் சுத்தும், பக்கத்துல ஸ்டூல் போட்டுக்கறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கும் சிரிக்கிற சீனியர் என்றால் குறை அவரிடம். காலை டிபனை மட்டும் தவிர்க்காதீர்கள்.

லாயக்கில்லை என்பதோ தீர்ப்பு; அதற்குச் சாட்சி வேண்டும். போஸ்டிங்குக்கு முன் "நான் மயங்கி விழ நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு?" என்று நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் நடந்ததை எழுதுங்கள். காலி சிரிஞ்சு, பொம்மைக் கை, பிறர் எடுப்பதைப் பார்ப்பது, கடைசியில் நீங்களே எடுப்பது என்று படிப்படியாக ஏறுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியே ஓடாதீர்கள். அது கொஞ்சம் தணியட்டும்.

ஒரு பயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது: பயன்படுத்திய ஊசி உங்களைக் குத்திவிடுமோ என்பது. மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, பொறுப்பில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இத்தனைக்குப் பிறகும் மயக்கம் தொடர்ந்தால் மனநல நிபுணரைப் பாருங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, கட்டணமில்லா எண், தமிழிலேயே பேசலாம். டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அங்கே ஒருமுறை பேசிவிடுங்கள்.