மாற்றலாகும்போது கூடவே போகும் டிஷ்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புதுச்சேரி அரசில் வேலை பார்ப்பவர்களுக்கு மாற்றல் ஆணை வந்தால், அது பக்கத்து ஊருக்குத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. காவிரி டெல்டாவின் ஓரத்தில் காரைக்கால், கேரளக் கடற்கரையில் மாகே, கோதாவரிக் கரையில் ஏனாம் என்று எங்கும் போக வேண்டியிருக்கும். மாகேயில் கேபிள்காரர் தருவது பெரும்பாலும் மலையாளச் சேனல்கள், ஏனாமில் தெலுங்கு. தமிழ்ச் செய்தி கேட்காமல் இருக்க முடியாத அம்மாவோ மாமியாரோ கூட இருந்தால், கழற்றி எடுத்துப் போகிற டிஷ் ஒன்று கையில் இருப்பது நல்லது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும், வேன் எடுத்துக்கொண்டு கடற்கரையில் கூடாரம் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

கடைக்குப் போனதும் எல்லாரும் பேக்கேஜ் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். பணம் போவது அங்கேதான். உங்கள் மாடியிலிருந்து சரியான பக்கத்து வானம் தெரிகிறதா, மாட்டுகிற டிஷ்ஷைப் புயல் வருமுன் நீங்களே இறக்க முடியுமா என்ற இரண்டையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் மாடிக்கு ஏறித் தென்கிழக்கு வானத்தைப் பாருங்கள். மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 சாட்டிலைட்டிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏவப்பட்ட அது, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் 130 டிகிரி, அதாவது தென்கிழக்கிலிருந்து ஒரு மயிரிழை கிழக்கே. உயரம் 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதனால் பத்தடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுச் சுவர், டிஷ் மட்டத்திலிருந்து 26 அடிக்கு மேல் எழுந்தால்தான் மறைக்கும். தென்னை மரத்துக்கும் இதே கணக்கு. மரம் வளரும் என்பதை மறக்காதீர்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி திசை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். டாடா ப்ளே 83 டிகிரியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய தெற்கு, உயரம் 75. ஏர்டெல் 108.2 டிகிரியில் இருக்கிறது. அதன் டிஷ் கடலைப் பார்த்துத் திரும்பும், உயரமும் 54-தான். பத்தடி தள்ளி 14 அடிச் சுவர் இருந்தாலே போதும், மறைந்துவிடும். சன் டைரக்ட் ஏறக்குறைய ஃப்ரீ டிஷ் பக்கமே பார்க்கும். கிழக்குப் பக்கம் அடுக்குமாடி எழுந்த வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்தே முடிவெடுக்கலாம்.

போகிற ஊரின் எண்களை டிஷ்ஷின் முதுகில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்குக் காரைக்காலில் திசை 128, உயரம் 69. மாகேயில் 122, 65. ஏனாமில் 145, 66. ஊட்டிக்கு வேனில் போனால் 123, 66. ஏனாமுக்குத்தான் பெரிய திருப்பம். அங்கே பழைய நினைப்பில் வைத்தால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பைப் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டிஷ்ஷின் பின்னால் அச்சிட்டிருக்கும் கோண அளவு, பைப் நேராக இருந்தால்தான் உண்மை சொல்லும். பைப் மூன்று டிகிரி சாய்ந்தால் சாட்டிலைட்டே தப்பிவிடும்.

டிவியில் தெரியும் இரண்டு சிக்னல் கோடுகளில் ‘ஸ்ட்ரென்த்’தை விட்டுவிட்டு ‘குவாலிட்டி’யைப் பாருங்கள். வேறு சாட்டிலைட்டைப் பார்த்தாலும் ஸ்ட்ரென்த் கோடு ஏறும். குவாலிட்டி ஏறினால்தான் சரியான இடம். ஒருவர் மாடியில் டிஷ்ஷைப் பிடிக்க, ஒருவர் கீழே டிவியைப் பார்த்து போனில் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் விரல் அகலம் மட்டும் நகர்த்தி, மூன்று நான்கு விநாடி பொறுங்கள். செட்டாப் பாக்ஸ் பதில் சொல்ல அந்த நேரம் வேண்டும். டிஷ் சரியாகி நின்றபின், அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யையும் பிடியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நம் பக்கத்தில் அது நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கும்போதுதான் குவாலிட்டி உச்சத்துக்குப் போகும். புதிதாக வைப்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்தக் கடைசித் திருப்பத்தில்தான்.

ஃப்ரீ டிஷ் என்றால் எம்பெக்-4 பாக்ஸே கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்கள் வரவே வராது. பிரசார் பாரதி அங்கீகரித்த பாக்ஸா என்று அட்டைப் பெட்டியைப் பாருங்கள்.

எந்தத் தமிழ்ச் சேனல் வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஃப்ரீ டிஷ்ஷில் மாதச் சந்தா கிடையாது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் வரும். சன் டிவி வராது. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுக்கின்றன. ஏப்ரல் 1-ஆம் தேதி ஆண்டு புரளும்போது சில போகும், சில வரும். சீரியல் பார்க்கிற வீட்டில் இதைச் சொல்லாமல் வாங்கிவந்தால் சண்டைதான் மிஞ்சும்.

போல்ட், நட்டு, கிளாம்ப் எல்லாம் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள். கூபேர் அவென்யூ, வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் உப்புக்காற்றில் சாதா இரும்பு போல்ட் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றி டிஷ்ஷைக் கழுவுங்கள்.

கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள், இன்றைக்கே. ‘சிக்னல் வரலை’ என்று சொல்லும் பல வீடுகளில் நோய் இங்கேதான் இருக்கிறது. எல்.என்.பி.யின் அடியில் திருகியிருக்கும் கனெக்டரை விரலால் திருப்பிக் கழற்றுங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். அது பச்சையாகப் பூத்து, சுற்றியுள்ள வெள்ளிப் பின்னல் கறுத்து, உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விரலில் விழுந்தால், அந்தக் கேபிளின் முனையிலிருந்து ஓரடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். ரப்பர் போல ஒட்டிக்கொள்ளும் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கனெக்டருக்குக் கொஞ்சம் கீழே கேபிள் ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

வேனில் வைக்கிறவர்கள் பாக்ஸின் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். பல பாக்ஸ்கள் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. அப்படி இருந்தால் இன்வெர்ட்டர் வேண்டாம், சரியான பின் வைத்து வண்டி பேட்டரியிலிருந்தே எடுக்கலாம். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன எல்.இ.டி. டிவியும் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து 40 வாட் இழுத்தால், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் முழுதும் பார்க்க அது போதாது.

மணலில் ஸ்டாண்டு வைத்தால் மூன்று காலுக்கும் கீழே பலகைத் துண்டு போடுங்கள். சின்ன வீராம்பட்டினம் மணலில் ஒரு கால் மெல்லப் புதைந்தாலே படம் போய்விடும். நடுவில் மணல் நிரப்பிய சாக்குப் பையைத் தொங்கவிடுங்கள். மாலையில் கடல்காற்று ஏறும்போது அதுதான் காக்கும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே டிஷ்ஷை இறக்கி வீட்டுக்குள் வையுங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்ததை இந்த ஊர் மறக்காது. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் வந்தது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தக் காற்றில் பிய்ந்து போகும் டிஷ் தெருவில் போகிறவர் மேல் விழும். இறக்குமுன் பைப்பிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டால், திரும்ப மாட்டும்போது திசை தேட வேண்டாம்.

ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவும் பேட்டரியும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெருமழையில் எந்த டிஷ்ஷும் வேலை செய்யாது. செய்தி மிகவும் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான். ஆகாசவாணி புதுச்சேரியைப் பிடிக்க ரேடியோ போதும்.

செய்யக்கூடாதவை

பழைய வீட்டுத் தளத்தில் ஓட்டை போடாதீர்கள். வெள்ளை நகரத்திலும் வைசியாள் வீதிப் பக்கத்திலும் இருக்கும் பழைய வீடுகளில் பல மெட்ராஸ் டெரஸ் போட்டவை. மர உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு போட்ட தளம் அது. ஆங்கர் போல்ட் இறக்கினால் செங்கல் தெறிக்கும். அந்த ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் உத்தரத்தை உளுத்துப்போக வைக்கும். நூறு வருஷம் நின்ற கூரைக்கு ஒரு டிஷ்ஷால் கேடு வருவதை நினைத்தால் மனசு வலிக்கிறது. பத்து லிட்டர் பெயின்ட் வாளியில் ஜி.ஐ. பைப்பை நட்டு கான்கிரீட் நிரப்புங்கள். 24 கிலோ வரும், இருவர் தூக்கலாம். அடியில் பழைய ரப்பர் பாய் போட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கினால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. தெருவைப் பார்த்த முகப்பில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்காமல் மாடியில் எதையும் பதிக்காதீர்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்று அது திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி சம்மதம் வாங்கி வையுங்கள்.

கண்ணால் பார்த்து டிஷ்ஷைக் குறிவைக்காதீர்கள். டிஷ்ஷின் முகம் பார்க்கிற இடத்தில் சாட்டிலைட் இல்லை. அதற்கு ஏறக்குறைய 25 டிகிரி மேலே இருக்கிறது. பின்னால் உள்ள கோண அளவை நம்புங்கள்.

திசைகாட்டியை டிஷ்ஷின் மேலேயோ தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தின் பக்கத்திலேயோ வைத்துப் பார்க்காதீர்கள். போனில் இருக்கும் திசைகாட்டியும் இரும்பைக் கண்டால் தடுமாறும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. அந்தக் கேபிளில் எல்.என்.பி.க்காக 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஷாக் அடிக்காது. ஆனால் நடுக்கம்பி பின்னலைத் தொட்டால் பாக்ஸ் போய்விடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள்.

ஞாயிறு சந்தையில் சந்தா கம்பெனியின் பழைய பாக்ஸை வாங்காதீர்கள். காந்தி வீதி சந்தையில் நல்ல பொருள் எத்தனையோ கிடைக்கும், இது மட்டும் வேண்டாம். பாக்ஸ் வேறொருவர் கணக்கில் பதிவாகியிருக்கும். ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு ஓடாது. பழைய டிஷ், பைப், ஸ்டாண்டு வாங்கலாம். நெளிவு இருக்கிறதா என்று விளிம்பில் நூல் கட்டிப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய டிஷ்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்கு இங்கே 60 சென்டிமீட்டர் போதும். 90 வைத்தால் மழையில் கொஞ்ச நேரம் கூடத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்று மோதும் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். தூக்கிப் போகிறவருக்கு அது தலைவலி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் அறுந்தால் உடனே டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை மேகம் ஏறி வருவது கடல் பக்கமிருந்துதான், நம் டிஷ்கள் பார்ப்பதும் அந்தப் பக்கம்தான். மழை விட்டால் தானாக வரும். நனைந்த மாடியில் ஏறி வழுக்கி விழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் ஃப்ரீ டிஷ்ஷில் படம் போனால் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். அந்த நாட்களில் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். பழுது எதுவும் இல்லை.

ஓடுகிற வேனில் படம் வரும் என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதா டிஷ் வண்டி நின்ற பிறகுதான் வேலை செய்யும். தானாகத் திரும்பித் தேடும் ஆன்டெனா வேறு சாமான், விலையும் வேறு. கூரையில் நிரந்தரமாக டிஷ் மாட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் 80-ல் போவதும் வேண்டாம்.

பிரெஞ்சுச் சேனலுக்காகப் பெரிய செட்டப் போடாதீர்கள். பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்த ஆசை உண்டு. பிரான்ஸ் 24 யூடியூபில் இலவசமாக ஓடுகிறது. வைஃபை இருந்தால் அதுவே போதும்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு ‘வருஷ ரீசார்ஜ்’ என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய நாளிலிருந்து இதற்கு மாதக் கட்டணமே கிடையாது. மாட்டித் தருகிறவருக்குக் கூலி கொடுங்கள், அதோடு சரி.

கூகுளில் தேடிக் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்கு போன் செய்யாதீர்கள். மாற்றலாகிப் போன புது ஊரில், டிவி வராத பதற்றத்தில், பலர் மாட்டுவது இதில்தான். பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று இழுப்பார்கள். பாக்ஸோடு வந்த பில்லிலும் கம்பெனியின் சொந்த ஆப்பிலும் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அந்த எண்ணை வீட்டில் வயசானவர்களின் போனில் இன்று ராத்திரியே பதிந்து வையுங்கள்.