கைமாறும் மின் யுகுலேலே: பழுது எங்கே?

மிதிவண்டி, கடிகாரம், கணிதப் பெட்டி என்று எத்தனையோ பொருள்கள் ஒருவர் பயன்படுத்திய பின் மற்றொருவர் கைக்குச் செல்கின்றன. மிதிவண்டியின் சங்கிலி கழன்றிருந்தால் பெறுபவர் கண்ணாலேயே கண்டுகொள்வார். ஆனால் மின் யுகுலேலே போன்ற இசைக்கருவியில் பழுது மறைந்திருக்கும். பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். பெருக்கியில் இணைத்தால் மட்டும் ஒலி வராது.

அப்படிப்பட்ட கருவியை, 'ஒலிக்கவில்லை' என்ற ஒரே சொல்லோடு கொடுத்தால் என்ன நேரும்? பெறுபவர் அதைப் பரணில் போட்டுவிடலாம். பழுதற்ற உறுப்பைக் கழற்றிவிட்டு வீண் செலவு செய்து புதியது வாங்கிப் பொருத்தலாம். இதுகூட இருக்கட்டும், பழுது இருப்பதையே சொல்லாமல் கொடுத்தால், புதிதாகக் கற்கத் தொடங்கும் சிறுவன், 'எனக்கு இசை வராது' என்று தன் விரல்களையே நொந்துகொள்வான். இவற்றைத் தவிர்க்க வழி ஒன்று உண்டு. கொடுக்கும் முன் பழுது எந்த இடத்தில் என்று ஆராய்ந்து, அதை எழுதிக் கொடுப்பதே அவ்வழி. அதற்கு வேண்டிய அறிவு பெரும்பாலும் உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

கருவி வந்த கதை

யுகுலேலே நான்கு தந்திகள் கொண்ட சிறிய கருவி. கிட்டாரின் தம்பி எனலாம். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல், போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த மக்களை ஹொனலூலு துறைமுகத்தில் இறக்கியது. அவர்கள் கொண்டுவந்த 'மச்செட்' என்னும் சிறு தந்திக்கருவியே இதன் மூதாதை. அக்கப்பலில் வந்த மரத்தச்சர்களான மனுவேல் நூனிஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூவரும் உள்ளூர்க் கோவா மரத்தில் இக்கருவிகளைச் செய்யத் தொடங்கினர். கோவா, நம் கருவேலமரத்துக்கு உறவான மரமாகும்.

'யுகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் துள்ளுதல். தந்திகளின் மீது விரல்கள் துள்ளுவதால் இப்பெயர் என்பது பலரும் கூறும் விளக்கம். ஹவாயின் கடைசி அரசியான லிலியுவோகலானி, 'இங்கு வந்த பரிசு' என்று இச்சொல்லுக்குப் பொருள் கூறியதாகச் சொல்வதுண்டு.

தந்தி செய்யும் வேலை

இழுத்துக் கட்டிய தந்தியின் அதிர்வெண் மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கான நிறை. நீளம் குறைந்தாலும், இழுவிசை கூடினாலும், தந்தி மெலிந்தாலும் அதிர்வெண் உயரும். யுகுலேலேயின் நான்கு தந்திகளும் பொதுவாக 392, 262, 330, 440 ஹெர்ட்ஸ் என்று சுருதி சேர்க்கப்படும். முதலில் சொன்ன 392 ஹெர்ட்ஸ் தந்தி, அடுத்த இரண்டையும்விட உயர்ந்து ஒலிப்பதைக் கவனியுங்கள். கிட்டாரில் பழகியவர்கள் இதைத் தவறு என்று எண்ணக்கூடும். இது பழுதன்று, இக்கருவியின் இயல்பு.

440 ஹெர்ட்ஸ் தந்தியின் நீளம் 38 செ.மீ. என்று கொள்வோம். அதில் அலை செல்லும் வேகம் 2 × 0.38 × 440, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 334 மீட்டர். தந்தி 0.66 மி.மீ. விட்டமுள்ள நைலான் என்றால் அதன் இழுவிசை சுமார் 44 நியூட்டன். ஏறக்குறைய நாலரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 18 கிலோ எடைக்கு ஒப்பான விசையால் அந்தச் சிறு கருவியை எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. வெகு நாள் இப்படி இழுபட்டதில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் இருக்கிறது. அங்கு அழுத்தி மீட்டினால் அதிர்வெண் சரியாக இரட்டிப்பாக வேண்டும். 440 ஹெர்ட்ஸ், 880 ஆக வேண்டும். கைப்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலி கொண்டே இதைப் பார்க்கலாம். நன்றாக விலகியிருந்தால் தந்தி தேய்ந்திருக்கலாம். புதுத் தந்தி மாட்டியும் விலகினால் கழுத்தையோ குதிரையையோ கவனிக்க வேண்டும்.

அதிர்வு மின்சாரமாகும் இடம்

மின் கிட்டாரில் எஃகுத் தந்திகளின் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். எஃகு அதிரும்போது சுருளின் வழிச் செல்லும் காந்தப்பாயம் மாறி மின்னழுத்தம் தூண்டப்படும். இது ஃபாரடே விதி. ஆனால் பெரும்பாலான யுகுலேலேக்களில் நைலான் போன்ற செயற்கை இழைத் தந்திகளே உண்டு. நைலானைக் காந்தம் பொருட்படுத்தாது. எனவே வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழியை, மதீராக் கப்பல் ஹவாய் சேர்ந்ததற்கு மறு ஆண்டான 1880 இல் பாரிசில் இரு சகோதரர்கள் கண்டுபிடித்திருந்தனர். ஜாக் கியூரி, பியேர் கியூரி என்பவர்களே அவர்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் எதிரெதிர் முகங்களில் நேர், எதிர் மின்னூட்டங்கள் தோன்றுகின்றன. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். இன்றைய யுகுலேலேயில் குதிரையின் மேல் தந்திகள் படியும் வெள்ளைப் பட்டையின் அடியில், அழுத்தமின் பொருளால் ஆன மெல்லிய கீற்று ஒன்று ஒளிந்திருக்கிறது. தந்தி அதிரும்போது அதன் மீதுள்ள அழுத்தம் மாறுகிறது. அழுத்தத்திற்கு ஏற்ப மின்னழுத்தமும் மாறுகிறது.

முன்பெருக்கி எதற்கு?

இந்தக் கீற்று ஒரு சிறு மின்தேக்கி போன்றது. அதன் மின்தேக்குதிறன் 1 நானோ ஃபாரட் என்று கொள்வோம். அதனுடன் இணைக்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை R என்றால், 1/(2πRC) என்ற அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலிகள் நலிந்துவிடும். R = 50 கிலோ ஓம் என்றால் இந்த எல்லை ஏறக்குறைய 3,200 ஹெர்ட்ஸ். நம் 440 ஹெர்ட்ஸ் சுரம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! தகர டப்பாவில் தட்டியது போன்ற ஒலிதான் மிஞ்சும். R = 10 மெகா ஓம் என்றாலோ எல்லை வெறும் 16 ஹெர்ட்ஸ்; எல்லாச் சுரங்களும் முழுமையாக வரும். மிகுந்த உள்ளீட்டு மின்தடையோடு அந்தச் சைகையை வாங்கி, கேபிளுக்கு ஏற்றவாறு மாற்றித் தருவதே முன்பெருக்கியின் வேலை. அதற்கு உணவு அளிப்பது பெரும்பாலும் ஒரு 9 வோல்ட் மின்கலம்.

விலை குறைந்த சில யுகுலேலேக்களில் முன்பெருக்கியே இராது. அவற்றைச் சாதாரண ஒலிபெருக்கியில் செருகி, 'ஒலி மெலிந்துவிட்டது, பழுது' என்று ஒதுக்கிவிடுபவர் உண்டு. கருவியில் குற்றமில்லை, பொருத்தமில்லாத துணையோடு இணைத்ததே குற்றம்.

பழுதைத் தேடும் முறை

தந்தி, அழுத்தமின் கீற்று, முன்பெருக்கி, மின்கலம், ஒலியளவுத் திருகு, ஜாக், கேபிள், பெருக்கி என்று எட்டுக் கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. எதையும் கழற்றும் முன், சங்கிலியை இரண்டாகப் பிரிக்கும் சோதனையைச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, அதே கேபிளையும் பெருக்கியையும் நன்றாக ஒலிக்கும் வேறொரு கருவியோடு இணையுங்கள். அப்போதும் ஒலி இல்லையென்றால் யுகுலேலேயின் மேல் பழி போட வேண்டாம். மல்டிமீட்டரால் கேபிளைச் சோதியுங்கள். முனையோடு முனையும் உறையோடு உறையும் தொடர்பு கொள்ள வேண்டும். முனையும் உறையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கேபிளை வளைத்து வளைத்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, மின்கலத்தை அளந்து பாருங்கள். 7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் புதியது போடுங்கள். பல யுகுலேலேக்களில் தனி விசை கிடையாது. கேபிளின் செருகியே விசை! அதை உள்ளே தள்ளியதும் அதன் உலோக உறை, ஜாக்கில் உள்ள இரு தொடுமுனைகளை இணைத்து மின்சுற்றை மூடுகிறது. வாசித்து முடித்தபின் செருகியை எடுக்காவிட்டால் முன்பெருக்கி ஓடிக்கொண்டே இருக்கும். 1 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட, ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலம் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

மின்கலப் பெட்டியில் வெண்ணிறப் பொருக்கு படிந்திருக்கிறதா? கசிந்தது அல்கலைன் மின்கலமானால் அது காரப் பொருள்; வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை அணிந்து, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் அமிலமும் காரமும் நடுநிலையாகும். பின் ஈரமின்றி உலர்த்துங்கள்.

மூன்றாவதாக, செருகியை மெல்ல அசையுங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் பழுது ஜாக்கில்தான். இக்கருவிகளில் மிகுதியாக நேரும் பழுது இதுவே. ஜாக்கின் மரை தளர்ந்து, செருகும்போதெல்லாம் ஜாக் சுழன்று, உள்ளே ஈயப் பற்றால் ஒட்டிய கம்பி முறுகி அறுந்திருக்கும். திறமையான பழுதுபார்ப்பவருக்கு இது சில நிமிட வேலை.

நான்காவதாக, ஒலியின் தன்மையைக் கேளுங்கள். திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், அதன் கரித் தடத்தில் தூசி படிந்திருக்கிறது. ஒரு தந்தி மட்டும் மெலிந்து ஒலித்தால், குதிரையின் வெள்ளைப் பட்டை அந்த இடத்தில் கீற்றின் மேல் சரியாகப் படியவில்லை. கையால் தொடும்போது மாறும் 'உம்ம்' என்ற முரலல் மட்டும் கேட்டால் கவசக் கம்பி அறுந்திருக்கலாம். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைகிறது. பெருக்கி முழு மௌனம் காத்தால் மின்கலமோ ஜாக்கோ முன்பெருக்கியோ காரணமாகலாம். குதிரையின் மேல் விரல் நகத்தால் தட்டும்போது பெருக்கியில் 'டொக்' என்று கேட்டால் கீற்று உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

தொடக் கூடாதவை

யுகுலேலே சிறு மின்கலத்தில் இயங்குவதால் அதில் அதிர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெருக்கியை ஒருபோதும் திறவாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய மின்தேக்கிகள் மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

அழுத்தமின் கீற்றின் அருகில் சூட்டுக்கோல் வைப்பதும் ஆகாது. இக்கீற்றுகள் பலவற்றில் உள்ள ஈய சிர்கோனேட் டைட்டனேட், சில நூறு டிகிரி வெப்பத்தில் தன் அழுத்தமின் பண்பை இழந்துவிடும். அந்த எல்லைக்கும் பியேர் கியூரியின் பெயரையே இட்டு, கியூரி வெப்பநிலை என்கிறோம். கீற்றில் ஈயம் இருப்பதால் அதை வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். தேய்ந்த மின்கலத்தையும் கழற்றிய உறுப்புகளையும் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கூடவே செல்ல வேண்டிய சீட்டு

எல்லாப் பழுதையும் நாமே நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. கண்டறிந்ததைச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். விலைக்குக் கொடுத்தாலும் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் இதில் வேறுபாடு இல்லை. சீட்டு இப்படி இருக்கலாம்:

'தந்திகள் நான்கும் சுருதி நிற்கின்றன. 12 ஆம் மெட்டில் 440, 880 ஆகிறது. பெருக்கி இல்லாமல் நன்றாக ஒலிக்கும். புது மின்கலமும் வேறு கேபிளும் போட்டுப் பார்த்தேன். செருகியை ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் ஒலி வருகிறது. எனவே ஜாக்கின் கம்பி அறுந்திருக்கலாம். முன்பெருக்கியும் கீற்றும் வேலை செய்கின்றன. உள்ளே எதையும் திறக்கவில்லை.'

எட்டே வரிகள்! ஆனால் பெறுபவர் எங்கே கை வைக்க வேண்டும், எங்கே செலவு செய்ய வேண்டியதில்லை என்பதை அவை சொல்லிவிடுகின்றன. பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? 'அறுந்திருக்கலாம்' என்பது ஊகம். 'சாய்த்தால் மட்டும் ஒலி வருகிறது' என்பது கண்ட உண்மை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நீங்கள் கடைப்பிடிக்கும் அதே ஒழுங்குதான் இங்கும். சீட்டைக் கட்டி, மின்கலத்தை வெளியே எடுத்து, தந்திகளைச் சற்றே தளர்த்திக் கொடுங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் ஓடாமல் கிடக்கும் மின்கலக் கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் உள்ளன? எந்தச் சோதனையை முதலில் செய்தால் சங்கிலி இரண்டாகப் பிரியும்? விடை கண்டதும் அதற்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்.