எண்ணெய் கூடினால் என்ஜின் பிழைக்குமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறவர்களிடம் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது. என்ஜினின் அடிவயிற்றில் எண்ணெயைத் தாங்கி நிற்கும் ஆயில் பானை, நம் ஒர்க்‌ஷாப்களில் ஆயில் சேம்பர் என்பார்களே, அதைப் பெரிதாக மாற்றிவிட்டால் என்ஜினுக்கு ஆபத்தில்லை என்பதுதான் அது. நான்கு லிட்டர் கொள்ளும் இடத்தில் ஆறு லிட்டர் கொண்டால் பாதுகாப்பும் அந்த அளவுக்குக் கூடும், வெப்பம் குறையும், அழுத்தம் உயரும் என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் என்ஜினுக்குள் எண்ணெய் நடந்துகொள்ளும் விதம் இந்தக் கணக்குக்கு ஒத்துவருவதில்லை. சேம்பரில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. கார் வளையும்போதும் பாயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் எண்ணெய் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு பெரிய சேம்பர் வாங்கினால், வாங்குகிறவர் பணத்தையும் இழக்கலாம், என்ஜினையும் இழக்கலாம்.

நம்பிக்கை வெறும் காற்றிலிருந்து பிறந்துவிடவில்லை. ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொண்டு கரோல் ஷெல்பி 1965-இல் கொண்டுவந்த ஜிடி350 காரில், 289 கன அங்குல வி8 என்ஜினின் வழக்கமான தகட்டுச் சேம்பரைக் கழற்றிவிட்டு, வார்ப்பு அலுமினியத்தில் செய்த 6.5 குவார்ட் சேம்பரைப் பொருத்தினார்கள். அதாவது சுமார் 6 லிட்டர். வெளிப்புறத்தில் வரிவரியாகச் சிறகுகள், அதில் 'கோப்ரா' என்ற எழுத்து. கார் காட்சிகளில் பலரும் குனிந்து பார்க்கும் பாகம் இது. இன்றும் அதே தோற்றத்தில் புதிய வார்ப்புகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் அளவையும் சிறகையும் பார்க்கிறார்கள். கண்ணில் படாமல் போவது உள்ளே இருந்த தடுப்புத் தகடுகள். ஜிடி350 என்ன வேலைக்காகச் செய்யப்பட்ட கார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எஸ்சிசிஏ அமைப்பு நடத்திய பி-புரொடக்‌ஷன் பந்தய வகுப்பில் அனுமதி பெறுவதற்காக, 1965 ஜனவரி 1-க்குள் நூறு கார்களைக் கட்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் உருவானது அது. நீளமான வளைவுகளில் சுற்றுக்குச் சுற்று பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டிய என்ஜினுக்கான ஏற்பாட்டை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவாக வெளியே எடுக்கும் காருக்கான அளவுகோலாக மாற்றிக்கொண்டது பிற்காலத்து வேலை.

சேம்பருக்குள் நடப்பதை எளிய இயற்பியல் கொண்டே சொல்லிவிடலாம். கார் ஒரு வளைவில் திரும்பும்போது எண்ணெயின் மேற்பரப்பு சாய்கிறது. பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது, அதாவது 1 ஜி ஆகும்போது, அந்தச் சாய்வு 45 பாகை. அகலம் 25 சென்டிமீட்டர் உள்ள சேம்பரில் ஒரு பக்கத்து எண்ணெய் மட்டத்துக்கும் மறுபக்கத்து மட்டத்துக்கும் 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும். பெரும்பாலான சேம்பர்களுக்கு அவ்வளவு ஆழமே கிடையாது. ஆகவே எண்ணெய் சுவரேறி, சுழலும் கிராங்க் ஷாஃப்டை நோக்கிப் போகிறது. மறுபக்கத்தில் தரை தெரிகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சாய்வுக்கான சமன்பாட்டில் எண்ணெயின் அளவு வரவே வராது என்பதுதான். மூன்று லிட்டர் இருந்தாலும் 45 பாகை, ஆறு லிட்டர் இருந்தாலும் 45 பாகை. தாம்பாளத்தில் தண்ணீரை ஏந்தி ஓடுகிறவர் இன்னொரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொள்வதால் சிந்துவது நிற்காது. மஸ்டாங்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. சேம்பரின் ஆழமான பகுதியும் உறிஞ்சு குழாயும் முன்பக்கத்தில் இருக்கின்றன. பின்பாதி ஆழம் குறைந்தது. பிரேக் பிடித்தால் எண்ணெய் குழாயை நோக்கி வரும், நல்லது. ஆனால் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எண்ணெய் பின்னோக்கி ஓடிவிடும். என்ஜினுக்கு எண்ணெய் அதிகம் தேவைப்படும் தருணமும் அதுதான்.

இதைத் தடுப்பது தடுப்புத் தகடுகளும், அவற்றில் பொருத்திய ஒருவழிக் கதவுகளும். சிறிய கீல் வைத்த இந்தக் கதவுகள் உறிஞ்சு குழாய் இருக்கும் அறைக்குள் எண்ணெயை வரவிடும், அங்கிருந்து வெளியே போகவிடாது. வலப்பக்கம் திரும்பும்போது ஒரு கதவு மூடிக்கொள்கிறது, இடப்பக்கம் திரும்பும்போது மற்றொன்று. நல்ல சேம்பர் என்பது இந்த அறைதான். மேல்பகுதியில் கிராங்க் ஷாஃப்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு சல்லடைத் தகடு இருந்தால், சுழலும் எடைகள் எண்ணெயை அடித்து நுரையாக்குவதும் குறையும். நுரைத்த எண்ணெய் பம்புக்குள் போனால் அழுத்தம் நிலைக்காது, பேரிங்குக்கு எண்ணெயோடு காற்றும் சேர்ந்தே போகும். தடுப்போ கதவோ இல்லாத எட்டு லிட்டர் சேம்பரைவிட, சரியான தடுப்புகள் வைத்த ஐந்து லிட்டர் சேம்பர் வளைவுகளில் என்ஜினை நன்றாகக் காக்கும் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

எண்ணெய் ஒரு நொடி தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு 289 என்ஜினின் ஒரே ஒரு பேரிங்கைக் காட்டலாம். கனெக்டிங் ராடு பற்றிக்கொண்டிருக்கும் கிராங்க் ஷாஃப்டின் கழுத்து 54 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அந்தப் பரப்பு நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில், மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலாக, பேரிங்கின் மென்மையான உலோகத்தை உரசாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. உரசாமல் காப்பது சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஒரு நொடியில் நூறு சுற்று. படலம் அறுந்தால் அந்த நூறு சுற்றும் உலோகத்தின் மேல் உலோகம். இதை டேஷ்போர்டில் உள்ள மானி காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. அக்காலத்து ஃபோர்டு கார்களின் தொழிற்சாலை மானிகள் உலோகப்பட்டை சூடாகி வளைவதைக் கொண்டு முள்ளை நகர்த்துபவை. அழுத்தம் சட்டென விழுந்து எழுந்தால் முள் அசைந்ததே தெரியாது. 'பல வருடமாக ஓட்டுகிறேன், அழுத்தம் குறைந்ததே இல்லை' என்ற சாட்சியத்துக்கு இதனால்தான் அதிக எடை கொடுக்க முடியவில்லை. அழுத்தம் 20 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்கிய கணத்தில் எரியும் பெரிய எச்சரிக்கை விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு அதே வளைவில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சேம்பர் வாங்கும் முன் இந்த விளக்கை வாங்குவது புத்திசாலித்தனம். செலவும் மிகக் குறைவு.

அப்படியானால் கூடுதல் கொள்ளளவுக்குப் பயனே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. என்ஜின் அதிகச் சுற்றில் ஓடும்போது எண்ணெயில் ஒரு பங்கு வால்வுகளின் மேல், சிலிண்டர் ஹெட்டுகளில் தங்கிவிடுகிறது. அது கீழே வடிந்து வருவதற்குள் சேம்பரின் மட்டம் இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்டும் சேமிப்பாகக் கூடுதல் ஒன்றரை லிட்டர் உதவும். ஷெல்பியின் சேம்பரில் அளவும் தடுப்பும் சேர்ந்தே இருந்தது அதனால்தான். ஆனால் இந்தச் சேமிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆழமான சேம்பரை வாங்கி, பழைய உறிஞ்சு குழாயை அப்படியே விட்டுவிட்டால், குழாயின் வாய் பழைய உயரத்திலேயே தொங்கும். புதிதாகச் சேர்ந்த எண்ணெய் முழுவதும் அதற்குக் கீழே கிடக்கும். பம்பால் அதைத் தொட முடியாது. ஊற்றிய எண்ணெயின் அளவு கூடியிருக்கும், பயன்படும் எண்ணெய் ஒரு சொட்டும் கூடியிருக்காது. பழைய டிப்ஸ்டிக்கின் கோடும் இனி பொய் சொல்லும். கோட்டை நம்பி ஊற்றினால் குறையலாம். அளவை நம்பி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயில் அடிபட்டு நுரை கிளம்பலாம்.

வெப்பத்தைப் பற்றிய நம்பிக்கையும் இதே இடத்தில் தடுமாறுகிறது. எண்ணெய் எந்த வெப்பநிலையில் நிலைகொள்ளும் என்பதை முடிவுசெய்வது, என்ஜின் அதற்குள் செலுத்தும் வெப்பமும் அதிலிருந்து வெளியேறும் வெப்பமும். எண்ணெய் அதிகம் இருந்தால் அந்த நிலையை அடையத் தாமதமாகும், அவ்வளவுதான். பத்து நிமிடப் பந்தயத்தில் அந்தத் தாமதம் உதவலாம், ஒரு மணி நேர ஓட்டத்தில் உதவாது. அலுமினியம் எஃகைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் தடை இருப்பது உலோகத்தில் அல்ல. ஒருபுறம் மந்தமாக நகரும் எண்ணெயிலும் மறுபுறம் காருக்கடியில் கிடைக்கும் காற்றோட்டத்திலும்தான் தடை. சிறகுகள் கொஞ்சம் உதவும். எண்ணெய் உண்மையிலேயே கொதிக்கிறது என்றால் ஆயில் கூலர்தான் அதற்கு வைத்தியம். எதிர்த்திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல், எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் உலர் சேம்பர் முறையோடு, தாராளமான எண்ணெயும் கூலரும் கொண்ட கார். சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும், என்ஜின் சுற்றி அடங்கும்வரை அதன் பம்ப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருந்ததால், பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே எண்ணெயில் கலந்தது. குறுகிய தூர ஓட்டத்தில் அவ்வளவு எண்ணெயும் சூடேறி அந்தப் பெட்ரோல் ஆவியாக வழியில்லை. கூலருக்குப் போகும் காற்றை உரிமையாளர்களே அடைத்து வைத்தார்கள். அளவுக்கு மிஞ்சிய குளிர்ச்சியும் என்ஜினுக்குக் கேடு.

பெரிய சேம்பரோடு அதிகக் கொள்ளளவுப் பம்பையும் சேர்த்து மாட்டிவிடுவது இன்னொரு வழக்கம். குழாயின் வாயில் எண்ணெய் இல்லாதபோது பெரிய பம்ப் செய்யப்போவது காற்றை வேகமாக இழுப்பதைத்தான். எண்ணெய் இருக்கும்போதோ, சேம்பரை இன்னும் சீக்கிரம் காலிசெய்து எல்லாவற்றையும் மேலே அனுப்பும். சிறிய ஃபோர்டு வி8-இல் பம்பைச் சுழற்றுவது கால் அங்குல அறுகோணத் தண்டு ஒன்றுதான். கூடுதல் சுமை முழுவதும் அந்தத் தண்டின் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்தின் மேலும் விழுகிறது. பேரிங் இடைவெளிகள் சரியாக உள்ள என்ஜினுக்கு இது தேவையில்லாத தொல்லை.

வளைவில் எண்ணெய் ஓடிவிடும் என்ற வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு, இது தொழிற்சாலையின் பொறியாளர்களுக்குத் தெரியாததா என்பது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவர்கள் கணக்கிட்டது அக்காலத்து டயருக்கு. குறுக்கு நூல் கொண்ட அந்த டயர்கள், எண்ணெய் ஓடிவிடும் அளவுக்குப் பிடிமானம் கொடுப்பதற்குமுன் பெரும்பாலும் சறுக்கிவிடும். இன்று அதே காரில் அகலமான ரேடியல் டயரை மாட்டி, சஸ்பென்ஷனையும் இறுக்கி, பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர் என்ஜினைப் புதிய விசைக்கு ஆளாக்குகிறார். அவருக்குத் தடுப்பு வைத்த சேம்பர் அவசியம் என்றே சொல்வேன். பழைய அளவு டயரோடு சாலையில் ஓட்டுகிறவருக்கு அது அவசியமில்லை. கசிவு நிற்கும் என்பதற்காக மாற்றுகிறவர்கள் முதலில் பின்பக்க மெயின் சீலைப் பார்க்கட்டும். 289-இல் சேம்பரின் பின்முனையில் சொட்டும் எண்ணெய் பலமுறை அங்கிருந்து வருவதுதான். தாழ்வான வார்ப்பு அலுமினியச் சேம்பர் வேகத்தடையில் மோதினால் விரிசல் விட்டு எண்ணெயை ஒரே கொட்டாகக் கொட்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். தகட்டுச் சேம்பர் பெரும்பாலும் நசுங்குவதோடு தப்பிக்கும். ஆனால் நசுங்கிய தகடு உறிஞ்சு குழாயின் வாயை அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கான ஆழச் சேம்பரை வளைவுகளுக்கு வாங்கிவிடாதீர்கள். அதே சேம்பருக்கென்று செய்த உறிஞ்சு குழாயையும் சேர்த்தே வாங்குங்கள். டிப்ஸ்டிக்கில் புதிய கோடு போடுங்கள். பழைய சேம்பரைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள், காரின் மதிப்பில் அதற்கும் பங்குண்டு. போல்ட்டுகளை முறுக்கும் முன், குழாயின் வாயில் சிறு களிமண் உருண்டையை ஒட்டி, சேம்பரை கேஸ்கெட்டோடு ஒருமுறை வைத்து அழுத்தி எடுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் குழாய்க்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. அது கால் அங்குலத்துக்கும் எட்டில் மூன்று பங்கு அங்குலத்துக்கும் நடுவே, ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இல்லையென்றால் சேம்பரை மாட்டாதீர்கள்.