தகப்பனும் தாயும் உள்ளே வரட்டும்

வேதபாடம்: மாற்கு 5:21–24, 35–43, லூக்கா 8:49–56



யவீருவின் மகளைக் குறித்த பகுதியை நாம் ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே அறிவோம். மரித்த பிள்ளை எழுந்தாள் என்ற அற்புதத்தோடு பிரசங்கமும் பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவர்களுக்கோ அதே பகுதியில் வேறு சில காரியங்களும் கண்ணில் படுகின்றன. அந்த அறைக்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே அனுப்பப்பட்டார்கள், பிள்ளையிடம் எப்படிப் பேசப்பட்டது, எழுந்த பிறகு அவளுக்கு என்ன செய்யச் சொல்லப்பட்டது என்பவையே அவை. உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கப்படும் எங்கள் குழந்தைகள் வார்டின் வேலையை இந்தப் பகுதியின் வழியாக உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அறைக்குள் சென்றவர்கள்

யவீருவின் வீட்டில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. அழுகிறவர்களும் புலம்புகிறவர்களுமாக ஒரே அமளி. ஆண்டவர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தம்மோடு வந்த மூன்று சீஷர்களையும், பிள்ளையின் தகப்பனையும் தாயையும் மாத்திரம் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். மரித்தவளை எழுப்ப அவருக்குப் பெற்றோரின் உதவி தேவையில்லை. ஆனாலும் அவள் கண் திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய முகங்கள் எவை என்று அவர் அறிந்திருந்தார்.

மருத்துவ உலகம் இதைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆனது. இங்கிலாந்திலே நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலேயே தாய்மாரையும் பிள்ளைகளோடு மருத்துவமனையில் தங்கவைத்தார். அவரைப் பின்பற்றியவர்கள் சிலரே. பெற்றோர் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, கிருமியும் சேர்ந்து வருகிறது என்று சொல்லி, வாரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டும் பார்க்க அனுமதித்த மருத்துவமனைகள் அங்கே அநேகம் இருந்தன. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பற்றிய படம் அது. அக்குழந்தை ஓயாமல் கதறவில்லை. பெரும்பாலும் அமைதியாகவே இருந்தாள். அந்த அமைதியைத்தான் ராபர்ட்சன் கவனிக்கச் சொன்னார். தாயைப் பிரிந்த சிறுபிள்ளை முதலில் எதிர்த்து அழும், பிறகு சோர்ந்து அடங்கும், கடைசியில் தாய் வந்தாலும் ஒட்டாமல் விலகிக்கொள்ளும் என்று அவர் எடுத்துக்காட்டினார். நர்ஸ்மார் "நல்ல பிள்ளை, பழகிவிட்டது" என்று மெச்சிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் உண்மையில் இரண்டாம் நிலையில் இருந்தவர்கள். 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும், சிறு குழந்தைகளோடு தாயும் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் ஊர் வார்டுகளில் தாய் எப்போதும் கட்டிலோரத்தில்தான் இருக்கிறாள், இதில் நமக்கு என்ன பாடம் என்று நீங்கள் கேட்கலாம். பொது வார்டைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் குந்தியிருக்கும் தாய்மாரை இந்த நாட்டில் எத்தனை மருத்துவமனைகளில் பார்க்கிறோம்! குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கினார். இன்குபேட்டர்கள் போதாத நிலையில் பிறந்த யோசனை அது. பின்னர் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளிலும் நடந்த ஆய்வொன்றில், எடை மிகக் குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாயின் மார்பில் வைத்தார்கள். நிலைமை தேறும்வரை காத்திருந்து வைத்ததைவிட இதில் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 2021இல் இது வெளியானது. தாய் உள்ளே இருப்பது இரக்கத்தின் பேரில் கொடுக்கும் சலுகையல்ல, அது சிகிச்சையின் ஒரு பகுதி.

எங்கள் நர்ஸ்மார் இதை வேறொரு சாதாரண வேலையில் தினமும் காண்கிறார்கள். நிமோனியா இருக்கிறதா என்று அறிய, குழந்தையின் சுவாசத்தை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுவரை 40, இந்த அளவையோ அதற்கு மேலோ போனால் கவலைப்பட வேண்டும். அழுகிற குழந்தையிடம் இதை எண்ண முடியாது. தாயின் மடியில் இருந்தால்தான் அழுகை அடங்கும், எண்ணிக்கையும் சரியாக வரும்.

வெளியே அனுப்பப்பட்டவர்கள்

இந்தப் பகுதி விசுவாசிகளாகிய நமக்குக் கொஞ்சம் கடினம். வெளியே அனுப்பப்பட்டவர்கள் அந்தக் குடும்பத்தின் மேல் அக்கறை காட்ட வந்தவர்கள் அல்லவா! ஆனாலும் ஆண்டவர் அனுப்பிவிட்டார். வேன் வைத்துக்கொண்டு பதினைந்து பேராக வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் சபையாரையும் உறவினரையும் எங்கள் வார்டு சிஸ்டர் வெளியே அனுப்பும்போது, தயவுசெய்து அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். இருவர் வாருங்கள், கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். "எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் வந்தது" என்று தொடங்கும் கதைகளைத் தாய்க்குச் சொல்ல வேண்டாம். யார் செய்த பாவம் என்ற விசாரணையும் வேண்டாம். பிறவிக் குருடனைக் குறித்து அந்தக் கேள்வியைக் கேட்ட சீஷர்களுக்கு ஆண்டவர் கொடுத்த பதில் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் வார்டில் பாதிக்கு மேற்பட்டோர் மற்ற மதத்தினர். அவர்களிடம் "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு, சம்மதித்தால் மட்டுமே ஜெபிக்கிறோம். வேண்டாம் என்பவருடைய பிள்ளைக்கும் மருந்தும் அன்பும் ஒரே அளவுதான்.

பிள்ளையிடம் பேசியது

ஆண்டவர் பிள்ளையின் கையைப் பிடித்து, அவளிடமே பேசினார். மாற்கு தன் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதியபோதும், அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அவள் வீட்டில் பேசிய அரமேயு மொழியிலேயே விட்டுவைத்திருக்கிறான். நர்ஸ் வேறு மாநிலத்தவராகவும் பிள்ளை வேறொரு மாநிலத்திலிருந்து வந்ததாகவும் இருப்பது இன்று மிஷன் மருத்துவமனைகளில் சாதாரணம். அப்படியிருந்தும் பிள்ளையின் மொழியில் "வலிக்குதா?", "தண்ணி வேணுமா?", "அம்மா இங்கதான் இருக்காங்க" என்ற நான்கைந்து சொற்களையாவது தாயிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் நர்ஸ்மார் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். "ஊசியெல்லாம் போடமாட்டாங்க" என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளைக்கு, ஊசி போட்ட பிறகு நர்ஸின் மேல் இருந்த நம்பிக்கையும் போகிறது, தாயின் மேல் இருந்த நம்பிக்கையும் போகிறது. "அழுதா ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று நர்ஸைப் பூச்சாண்டி ஆக்குவது இன்னும் மோசம். அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் சொல்லும் வார்த்தைகள் எனக்குப் பிடிக்கும்: "வலிக்கும் கண்ணு. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். நீ எண்ணு, அம்மா கையைப் பிடிச்சுக்குவாங்க." பிள்ளை அழலாம், கையை மட்டும் அசைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுவார். கைக்குழந்தையானால், ஊசி போடும் வேளையில் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வார். வலி குறைய அது நல்ல வழி.

அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள்

அற்புதம் நடந்த உடனே, பிள்ளைக்கு ஆகாரம் கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னார். மத்தேயு இதை விட்டுவிட்டான். மாற்குவும் வைத்தியனாகிய லூக்காவும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

காய்ச்சல் என்றாலும் பேதி என்றாலும் "வயிறு காயட்டும்" என்று பிள்ளையைப் பட்டினி போடும் பழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. பேதியின்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சி, குழைந்த சாதம், இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்க வேண்டும். கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் வந்தபோது, எல்லையோரப் போங்காவ் ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினரையே கொடுக்கச் சொன்னார். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டுகொண்டிருந்த நிலையில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகளைக் காத்த அந்த மருந்தை அன்று கிண்ணத்தில் எடுத்துப் புகட்டியவர்கள் நோயாளிகளின் உறவினரே. அவர் 2022இல் காலமானார்.

பிள்ளைக்குப் புகட்டுகிற தாய் சாப்பிட்டாளா என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு வரும் உணவில் மிஞ்சியதை வழித்து உண்டுவிட்டு நாளைக் கடத்தும் தாய்மார் உண்டு. பால் கொடுக்கும் தாயானால் அது குழந்தையையும் பாதிக்கும். நீங்கள் அனுப்பும் தொகையில் ஒரு பகுதி கேன்டீன் சாப்பாட்டு டோக்கனாக அவள் கைக்குப் போவது இதனால்தான். மருந்துக்கென்று கொடுத்த பணம் சாப்பாட்டுக்குப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம்.

தகப்பனின் அவசரம்

யவீரு ஜெபஆலயத் தலைவன். அவன் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அவன் வெளியே போனாலும் பிள்ளையருகில் நிற்க ஆள் உண்டு. எங்களிடம் வரும் தகப்பன் அப்படியல்ல. மழைக்காலம் முடிகிற சமயம் டெங்கு வார்டில் மறுபடியும் மறுபடியும் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பிள்ளைக்குக் காய்ச்சல் விடுகிறது. தகப்பன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். குளிர்ந்திருக்கிறது. "சரியாயிடுச்சு சிஸ்டர், டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்கிறார். டெங்குவில் ஆபத்தான வேளை அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் இறங்கும் சமயத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறத் தொடங்கலாம். அடுத்த ஒன்று இரண்டு நாட்களில் இரத்த அழுத்தம் சடுதியாக விழலாம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் ஜில்லிட்டுப்போதல், சிறுநீர் குறைதல், பிள்ளை மந்தமாகக் கிடத்தல் இவற்றையெல்லாம் மணிக்கணக்கில் நர்ஸ்மார் கவனித்துக் குறிக்கிறார்கள். வீட்டில் இதை யார் பார்ப்பார்கள்? வலிக்கென்று கடையில் ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ வாங்கிக் கொடுத்தால் இரத்தக் கசிவு இன்னும் அதிகமாகலாம்.

மருத்துவர் விளக்குவார். சிஸ்டர் விளக்குவார். தகப்பன் தலையை ஆட்டுவார், ஆனாலும் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று கையெழுத்துப் போட ஆயத்தமாக நிற்பார். அந்தக் கட்டத்தில் போதகரை அழைப்பார்கள். நான் நோயைப் பற்றிப் பேசுவதில்லை, அதை அறிந்தவர்கள் பேசியாகிவிட்டது. "வீட்டில யார் இருக்காங்க?" என்றுதான் கேட்பேன். அப்போது விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வரும். சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்து ஐந்து நாளாயிற்று. மாடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. வருகிற வழியில் ஆட்டோவுக்குக் கடன். மேஸ்திரி நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று போன் செய்துவிட்டார். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், இழந்த கூலியைத் தருவதில்லை. அறியாமை என்று நாம் எளிதாகப் பெயர் வைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் அறியாமை அல்ல, கணக்கு.

ஆகவே கணக்கைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போய் வரப் பேருந்துச் செலவு கொடுத்து, தகப்பனை ஒரு நாள் அனுப்பி, தாயைப் பிள்ளையோடு இருக்கச் சொல்லுவோம். சில வேளை மேஸ்திரியிடம் நானே போனில் பேசுவேன். அவர்களில் நல்லவர்கள் அநேகர். ஏழை நோயாளி நிதி என்று நீங்கள் கவரின்மேல் எழுதி அனுப்பும் நூறும் இருநூறும் ஒரு பிள்ளையை அந்த இரண்டு நாள் கட்டிலில் வைத்திருக்கப் பயன்படுகிறது. எல்லாரும் தங்குவதில்லை. கையெழுத்துப் போட்டுப் போகிறவர்களையும் நாங்கள் கடிந்து அனுப்புவதில்லை. ஆபத்து அறிகுறிகளைத் தாயைச் சொல்லவைத்துக் கேட்டு, இராத்திரி எந்நேரமானாலும் திரும்பி வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். கடிந்து அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வர வெட்கப்படுவார்கள். அந்த வெட்கத்தின் விலையைப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

ஒருவருக்கும் சொல்லாதிருக்கும்படி

நடந்ததை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று ஆண்டவர் அந்தப் பெற்றோருக்குக் கட்டளையிட்டார். வேத பண்டிதர்கள் இதற்குப் பல விளக்கங்கள் கொடுக்கிறார்கள், செமினரியில் நாங்களும் அதைப்பற்றி நீண்ட கட்டுரைகள் எழுதியதுண்டு. என் மனதில் படுவது எளிமையானது. அவள் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. நாளை அதே தெருவில் நடக்க வேண்டியவள். ஊரார் வந்து வேடிக்கை பார்க்கும் பொருளாக அவளை அவர் விட்டுவிடவில்லை.

நாங்கள் உதவி செய்த பிள்ளையின் படத்தை அனுப்புங்கள், பெயரைத் தெரிவியுங்கள் என்று அன்போடு எழுதுகிறீர்கள். இந்தச் செய்திமடலில் அவை ஏன் வருவதில்லை என்பதற்கு இதுவே காரணம். பிள்ளை தன் நோயை ஊரறிய அச்சிட சம்மதம் கொடுக்கும் வயதில் இல்லை. கடனில் நிற்கும் தகப்பனோ கேட்டால் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். படுக்கை எண்ணைக்கூடப் போடாமல், "டெங்கு வார்டில் உள்ள பிள்ளைகளுக்காக" என்று ஜெபியுங்கள்.

பொம்மைகள் அனுப்புகிறவர்கள், சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் பொம்மைகளையே அனுப்பும்படி வார்டு சிஸ்டர் கேட்டுக்கொள்ளச் சொன்னார். பஞ்சு அடைத்தவை பார்க்க அழகுதான். ஆனால் ஒரு பிள்ளையின் கட்டிலிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.