மடிக்கணினி

புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவில் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோவில் அமைத்தனர் முன்னோர். அக்குடைவரை எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். பிற்காலத்தே, விசயநகர வேந்தர் காலத்தில், அதன்முன் தேர் வடிவிலே ஒரு மண்டபம் எழுந்தது. சக்கரங்களும் குதிரைகளும் கல்லிற் பொலியும் அத்தேர் காண்போர் கண்ணைக் கவரும். ஆயினும் நின்ற இடத்தை விட்டு அது பெயராது. குன்றைக் குடைந்த சிற்பியின் உளியோ சிறியது. அவன் கையோடு ஊர்தோறும் சென்றது.

கணினியின் வரலாற்றிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். 1946ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் மக்களுக்கு அறிமுகமான எனியாக் என்னும் கணினி ஒரு பெரிய அறையை நிறைத்து நின்றது. காலப்போக்கில் கணினி மேசைமீது அமரும் அளவிற்குச் சுருங்கிற்று. 1981இல் வெளிவந்த ஆசுபோர்ன் என்னும் கணினியைப் பெட்டிபோலத் தூக்கிச் செல்ல இயன்றது. எனினும் அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. அதன் திரையோ 5 அங்குலமே. மறு ஆண்டில், மூடித் திறக்கும் வடிவுடைய கிரிட் கம்பசு என்னும் கணினி தோன்றியது. இன்றைய மடிக்கணினியின் உருவம் அவ்வழி வந்ததே.

தமிழ்நாட்டில் இக்கருவி சிற்றூர் மாணவர் கையிலும் வந்து சேர்ந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்வோர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் பல இலட்சம் மாணவர் அதனாற் பயன் பெற்றனர். அவருள் பலர்க்கு வீட்டில் வந்த முதற் கணினி அதுவே.

இத்தகைய மடிக்கணினி ஒன்றையே முதன்மைக் கருவியாகக் கொண்டு தொழில் நடத்த இயலுமோ எனின், இயலும். குன்றாண்டார்கோவிலில் வாழும் பட்டதாரி ஒருவர், வணிகர்க்குக் கணக்கெழுதிப் பொருளீட்டுகிறார் எனக் கொள்க. காலையில் கீரனூர்க் கடைகளிற் கணக்கைக் குறித்து வந்து, மாலையில் தம் இல்லத்தில் அதனை முடிக்கலாம். இரண்டு இடங்களில் இரண்டு கணினிகள் வேண்டா. மின்சாரம் திடீரென நின்றால் துணைக்கருவி இல்லாத மேசைக்கணினி அக்கணமே அணையும்; சேமியாத கணக்கு மறையும். மடிக்கணினியோ தன் மின்கலத்தால் தொடர்ந்து இயங்கும். அது கொள்ளும் மின்சாரமும் பெரும்பாலும் குறைவே.

ஆயினும் எளிமையோடு சில இடர்களும் உடன் வருகின்றன. இக்கருவியில் திரையும் விசைப்பலகையும் பிரியாது இணைந்துள்ளன. கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்துக் குனியும். கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் கை நோகும். நாள்தோறும் நெடுநேரம் உழைப்போர், அதனைப் பலகைமீதோ தடித்த நூல்கள்மீதோ உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் பொருத்திக்கொள்ளல் நலம். அப்பொழுது வீட்டில் அது மேசைக்கணினியாகும். வெளியிற் செல்லுங்கால் மீண்டும் மடிக்கணினியாகும்.

வெப்பமும் அதற்குப் பகை. பல மடிக்கணினிகளில் காற்று புகும் துளைகள் அடிப்புறத்தே உள்ளன. மெத்தைமீது வைத்தால் அவை அடைபட்டு உள்ளே சூடு மிகும். வெப்பம் மிகுந்தாலும், எந்நேரமும் முழு மின்னூட்டத்திலேயே இருந்தாலும், மின்கலத்தின் வாழ்நாள் விரைவிற் குறையும்.

இவை யாவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. கையோடு செல்லும் பொருள் கை தவறவும் கூடும். பேருந்தில் மறக்கலாம், மழையில் நனையலாம், கீழே விழுந்து உடையலாம். கருவி போனால் மற்றொன்று வாங்கலாம். அதனுள் இருந்த ஓராண்டுக் கணக்கை எக்கடையில் வாங்குவது? ஆகலின் அன்றாடப் பணி முடிந்ததும், அதன் படியை வேறொரு சேமிப்புக் கருவியில் எடுத்து, அக்கருவியைத் தனியே வைத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே பையில் வைப்போர், பை தொலைந்தால் இரண்டையும் இழப்பர்.

ஊரை விட்டுப் பெயராமலே உலகத்தோடு தொழில் செய்யும் வாய்ப்பை மடிக்கணினி அளிக்கின்றது. அவ்வாய்ப்பு நிலைப்பது கருவியின் விலையால் அன்று. அதனைக் கையாள்வோரின் ஒழுங்கினால் ஆகும்.