சூடானால் சண்டித்தனம் செய்யும் செல்ஃப்

வாசகர், காரைக்குடி: எங்களிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. அப்பா வாங்கிய கார். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். மதுரை வரை ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, டீ குடித்து வந்து எடுத்தால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி புதிது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். எலக்ட்ரீஷியனோ, கழற்றி வேலை பார்த்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நானே மாற்றலாமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் செல்ஃபின் மேல் பழி போடக்கூடாது. மாற்றிய பிறகும் அதே 'டிக்' கேட்கிற கார்கள் பட்டறைக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலும் குற்றவாளி பச்சை பூத்த ஒரு எர்த் வயராக இருக்கும்.

சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்றவே செல்ஃப் 100 ஆம்பியர் அளவில் மின்சாரம் இழுக்கும். அந்த ஓட்டத்தில், வயர் முனையில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். சூடு சேர்ந்தால் இன்னும் மோசம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். எஞ்சினை ஒட்டியே இருக்கிற செல்ஃப் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் உள்ளே சுற்றியுள்ள கம்பியின் தடை ஏறத்தாழ கால் பங்கு ஏறிவிடும். நல்ல நிலையில் இருக்கும் செல்ஃப் இதைத் தாங்கிக்கொள்ளும். கார்பன் பிரஷ் தேய்ந்தோ, புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசிக்கொண்டோ இருக்கிற செல்ஃப் தாங்காது. காலையில் எடுப்பதும் டீக்கடை வாசலில் படுத்துக்கொள்வதும் இதனால்தான்.

அடுத்த முறை மக்கர் செய்யும்போது, வண்டி சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் காட்டும். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டரைப் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல. முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். சாவியைத் திருப்பும்போது 9.5-க்கும் கீழே சரிந்தால் ஒன்று பேட்டரிக்குத் தெம்பு இல்லை, அல்லது செல்ஃப் உள்ளே இறுகிக்கொண்டு அளவுக்கு மீறி இழுக்கிறது. வேறொரு நல்ல பேட்டரியை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வோல்ட் அசையாமல் 12-க்கு மேலேயே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. அப்போது செல்ஃபின் மேலுள்ள சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே மீட்டரை வைத்துத் திரும்பவும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 'டிக்' கேட்ட பிறகு அங்கே வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யமாக வேண்டும். 12 அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கிறது. பூஜ்யமாகியும் மோட்டார் சுற்றவில்லை என்றால், பிரஷ் தொடவில்லையா அல்லது எர்த் போகவில்லையா என்று பார்க்க வேண்டும். எர்த்துக்கு ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து அதே சோதனை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, இரண்டு முனைகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு டீக்காசு.

இவ்வளவும் பார்த்து செல்ஃப்தான் என்று உறுதியானால், நான் எலக்ட்ரீஷியன் பக்கம். வண்டியோடு வந்த பழைய செல்ஃபின் பாடியும் ஆர்மேச்சரும் நன்றாக இருந்தால் பிரஷ், புஷ், காண்டாக்ட் மட்டும் மாற்றுங்கள். மலிவு விலையில் கிடைக்கும் டூப்ளிகேட் செல்ஃபைவிட அது நம்பகமானது. ஆர்மேச்சர் கருகியிருந்தாலோ கம்யூடேட்டர் பட்டைகள் தேய்ந்து மெலிந்திருந்தாலோ ரீவைண்டிங்குக்குப் பணம் போடாதீர்கள். அப்போது புதிதே மேல்.

நீங்களே மாற்றலாம். முதல் வேலையாகப் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். செல்ஃபுக்கு வரும் தடித்த வயருக்கு நடுவில் ஃபியூஸ் கிடையாது. பேட்டரி இணைப்பு இருக்கும்போது ஸ்பேனர் அந்த நட்டிலிருந்து நழுவி இரும்பைத் தொட்டால் பொறி பறப்பதோடு நிற்காது, ஸ்பேனரே பழுக்கும். கீழே போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். தடித்த வயர், சாவியிலிருந்து வரும் சின்ன வயர், கியர்பாக்ஸ் பக்கத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், அவ்வளவுதான் கழற்ற வேண்டியவை. வேலையைக் கஷ்டமாக்குவது துருவும் இட நெருக்கடியும்தான், அதனால் முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள்.

கடையில் புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, பினியன் பற்களை எண்ணுங்கள். போல்ட் துளைகள் பொருந்தினால் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் எண்ணுங்கள். மாட்டும் முன் செல்ஃபும் கியர்பாக்ஸும் சேரும் முகத்தில் இரும்பின் மேல் உள்ள பெயிண்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் துடையுங்கள். செல்ஃபுக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான் கிடைக்கிறது.

இதெல்லாம் முடியும்வரை அவசரத்துக்கு இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். பழைய அம்பாசடர் போல ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி உங்கள் காரில் இல்லை. தள்ளவும் ஆள் இல்லாத நேரத்தில், கியர் நியூட்ரலில் இருக்க, செல்ஃபின் உடம்பில் மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட பிரஷ் நகர்ந்து கொடுக்கும். அப்படித் தட்டி ஸ்டார்ட் ஆனால் வீட்டுக்குப் போய் அன்றைக்கே கழற்றுங்கள்.

வாசகர், திருநெல்வேலி: என் அம்பாசடரில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'விர்'ரென்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை. சில நேரம் 'கர்ர்' என்று பல் கடிக்கும் சத்தமும் வருகிறது. செல்ஃப் மாற்ற வேண்டுமா?

பதில்: 'விர்' சத்தம் மட்டும் என்றால் பினியன் வழுக்குகிறது. அதைத் தனியாக மாற்றலாம். பல் கடிக்கிறது என்றால் ஃப்ளைவீல் ரிங் கியரைச் சந்தேகப்படுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பினியன் எப்போதும் அந்த இடங்களிலேயே மோதுவதால் அங்கே மட்டும் பல் தேயும். சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை ஓரடி தள்ளி, நியூட்ரலுக்கு மாற்றி எடுத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனால் ரிங் கியர்தான். அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் தட்டு மாற்றும் வேலை வரும்வரை காத்திருந்து இரண்டையும் சேர்த்துச் செய்வது லாபம். புது வளையம் கிடைக்காவிட்டால் இருப்பதையே சூடாக்கிக் கழற்றி, கால் வட்டம் திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள். தேயாத பற்கள் பினியனுக்கு நேராக வந்துவிடும்.