கம்பித் தழும்பு இல்லாமல் கிளை வளர்ப்போம்



போன்சாய் என்பது தனி வகை மரம் இல்லை. சாதாரண மரத்தையே தட்டையான தொட்டியில் வைத்து, வெட்டி வளைத்துச் சின்னதாக வளர்ப்பதுதான் போன்சாய். போடிநாயக்கனூர் பக்கம் கிணற்றிலும் மதிலிலும் முளைக்கிற ஆல், அரசு, இச்சிக் கன்றுகளே போதும். சுவரைக் கெடுக்கும் என்று நாம் பிடுங்கி எறிகிற கன்றுதான். காப்புக்காட்டில் போய்ப் பிடுங்கினால் குற்றம்.

நல்ல மரம் உருவாகப் பல வருஷம் ஆகும். அத்தனை உழைப்பையும் ஒரு கம்பித் தழும்பு கெடுத்துவிடும்.

தழும்பு ஏன் விழுகிறது?

வேப்பமரத்தில் துணி காயக் கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் பருக்கும், கம்பி நெகிழாது. தொட்டி மரத்திலும் அதே கதைதான். மேலே ஆடிச் சாரலிலும், அடிவாரத்தில் ஐப்பசி மழையிலும் துளிர் வேகமாக ஓடும். அப்போது சில வாரத்திலேயே கம்பி கடித்துவிடும்.

கம்பி கட்டும் முறை

1. இரும்புக் கம்பி வேண்டாம். அலுமினியக் கம்பி வாங்குங்கள். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

2. சாய்வாக, ஒரே இடைவெளியில் சுற்றுங்கள். கிளையைத் தொட்டால் போதும், இறுக்கக் கூடாது.

3. வாரம் தவறாமல் பாருங்கள். கம்பி ஓரத்தில் பட்டை உப்பினால் அன்றைக்கே எடுங்கள். கிளை இன்னும் வளையவில்லையே என்று விட்டுவைக்க வேண்டாம். பிறகு வேறு தடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

4. சுற்றை அவிழ்த்தால் கிளை முறியும். கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

கம்பி இல்லையென்றால், கிளைமேல் சைக்கிள் டியூப் துண்டை வைத்து, நூல்கயிற்றால் தொட்டியோடு இழுத்துக் கட்டலாம்.

நல்ல கிளைக்கு

மலையில் காப்பிச் செடி கவாத்து செய்கிற நமக்கு இது புதிதல்ல. ஒரே மட்டத்தில் எதிரெதிராக இரண்டு கிளை இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் முடிச்சாகப் பருக்கும். கீழ்க்கிளை தடியாக வேண்டும், அதை நீளவிடுங்கள். மேல்கிளையை அடிக்கடி கிள்ளுங்கள். ஆறேழு இலை வந்ததும் இரண்டு இலை விட்டு வெட்டினால், கடைசி இலை பார்க்கிற பக்கமே புதுத்துளிர் கிளம்பும். இப்படி வெட்டி வெட்டியே கிளையைத் திருப்பினால் தழும்புக்கே இடமில்லை. வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தால் அந்தக் கிளையை வெட்டாமல் நீளவிடுங்கள். பருக்கப் பருக்க லேசான தழும்பு மறையும். ஆழமாக விழுந்தது பல வருஷம் நிற்கும்.

கூட்டத்தில் பேசுவோம்

* கடன் வாங்கி 50 தொட்டி வைக்கும் முன், ஆளுக்கு ஒரு கன்றை ஒரு வருஷம் வளர்த்துப் பார்ப்போமா?
* வாராவாரம் கம்பியைப் பார்ப்பது யார் பொறுப்பு?
* வளர்த்ததை எங்கே விற்பது?